உப்பும் உமிக்கரியும்

உப்பு என்றதும் நமக்கு வேதாரண்யம் நினைவு வரும். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும், அந்த மாதம் 30-ந் தேதி உப்பு அள்ளினார்களே, அந்த ஊர்தான். அங்கே விளையும் உப்புக்கும், தஞ்சைச் சீமையின் நெல் உமிக்கும் நம் வீட்டுக் கிணற்றடியில் வெகுகாலம் ஒரு சம்பந்தம் இருந்து வந்தது. உமியைக் கருக்கி, உப்புச் சேர்த்துப் பொடித்து, விரலால் 'சரக் சரக்'கென்று பல் தேய்ப்பார்கள். பாட்டியைக் கேட்டால், "இன்றைக்கும் பட்டாணி கடிக்கிறேனாக்கும்!" என்பாள். பாட்டியோடு வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனாலும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல்லின் மேலே பளபளக்கிறதே எனாமல், அதைவிடக் கெட்டியான பொருள் நம் உடம்பில் வேறு கிடையாது. ஆனால் எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் வளரும். எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

கனிப்பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். வைரம் 10. எனாமல் சுமார் 5. உப்பு இரண்டரைதான், வாயில் கரைந்தும் போகும். ஆகவே எனாமலைக் கீறும் குற்றத்தை உப்பின் மேல் சுமத்த முடியாது. கல் உப்பு ஈறைப் புண்ணாக்கும் என்பது வேறு விஷயம். உண்மைக் குற்றவாளி செங்கல் பொடி. அதிலுள்ள மணல் 7! உமிக்கரியும் லேசுப்பட்டதல்ல. உமியை முழுக்க எரித்த சாம்பலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் சிலிகா, அதாவது மணலின் சத்துதான். இப்போது கரி கலந்த பற்பசை என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதை வாங்குமுன்பும் சற்று யோசியுங்கள்.

பிரஷ் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். ரம்பம் அறுப்பதுபோல் குறுக்கே அழுத்தி இழுத்தால், நாளடைவில் ஈறு மேலேறி வேர் வெளிப்படும். வேருக்கு எனாமல் கவசம் இல்லை. அங்கே பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் 'சுரீர்' என்கிறது.

எலுமிச்சம்பழ ரசமோ, புளிப்புப் பானமோ சாப்பிட்ட உடனே பல் தேய்ப்பதும் கெடுதல். புளிப்பு எனாமலை இளக்கியிருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் பொறுங்கள்; உமிழ்நீர் அதைச் சரிக்கட்டிவிடும்.

மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு கலந்த பற்பசை, லேசான கை, இரண்டு நிமிஷம், காலையிலும் இரவிலும். இவ்வளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நெடுகப் பசையைப் பிதுக்காதீர்கள். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு.