மதிலை இடித்தால் கள்ளன் ஓடிவிடுவானா?

ஊரில் யாருக்காவது கணையப் புற்றுநோய் என்று தெரிந்தால் நம் சனங்கள் செய்யும் முதல் காரியம், ஒரு பார்சல் அனுப்புவது. துபாயிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பெருங்கடவிளைக்கும் பாறசாலைக்கும் மஞ்சள் கேப்சூல், 'நார் கரைக்கும்' டப்பா என்று போய்க்கொண்டே இருக்கிறது. கூடவே போனில் விளக்கம் வேறு: "கட்டியைச் சுத்தி ஒரு மதில் இருக்காம் அண்ணாச்சி, அதைக் கரைச்சா கீமோ உள்ள போயிடுமாம்."

பாதி உண்மை. அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். இந்தக் கட்டியில் பெரும்பகுதி புற்றுச் செல்லே அல்ல, நார்த்திசு. அதை உண்டாக்குபவை நட்சத்திர செல்கள். 1998ல் நான் இருக்கும் இதே சிட்னியில் மினோட்டி ஆப்தே குழுவும், ஜெர்மனியில் இன்னொரு குழுவும் அவற்றைப் பிரித்தெடுத்தன. 2009ல் எலிகளில் இந்தத் திசுவைக் குறைத்ததும் கீமோ உள்ளே கூடுதலாகப் போனது. ஆகா என்று குதித்தார்கள்.

அப்புறம்? அதே வகை மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்த சோதனையை 2012ல் நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்கள்! 2014ல் எலிகளில் அந்தச் செல்களையே அழித்தார்கள். புற்று இன்னும் மூர்க்கமானது. 2019ல் நாரின் பசையைக் கரைக்கும் என்சைமும் பெரிய சோதனையில் தோற்றது. மதில் கள்ளனை ஒளித்தும் வைக்கிறது, அடைத்தும் வைக்கிறது. அதனால் சிலர் இப்போது அந்தச் செல்களைக் கொல்லாமல் அடக்கப் பார்க்கிறார்கள். ஆய்வகமே தடுமாறும் இடத்தில் டப்பா ஜெயிக்குமா?

நம்மூர்க் கதைக்கு வருவோம். கணையக் கல் நோய் கேரளத்துக்குப் பழையது. டாக்டர் கீவர்கீஸ் அதை ஆராய்ந்த காலத்திலிருந்தே பழி மரச்சீனி மேல். இன்றுவரை நிரூபணம் இல்லை. நாள்பட்ட கணைய அழற்சி புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. நட்சத்திர செல்களை உசுப்புவதில் சாராயத்துக்கும் புகைக்கும் பங்கு உண்டு. மரச்சீனியைத் திட்டும் மாமா பீடியை மட்டும் விடமாட்டார்!

ஐம்பது வயதுக்கு மேல் திடீர் சர்க்கரை, காரணமில்லாமல் எடை குறைவு, மஞ்சள் காமாலை, முதுகுக்குப் பரவும் வயிற்று வலி. இவை வந்தால் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் கண்டுபிடித்தால்தான் குணமாக வாய்ப்பு. கீமோ எடுப்பவர் என்றால், அவர் விழுங்கும் ஒவ்வொரு கேப்சூலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

டப்பாவுக்குப் போகும் காசு டாக்சிக்குப் போகட்டும். என்னைத் திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம்.