தோண்டாத கையின் பெருமை



மண்ணில் கிடைத்த பொருள் கண்டெடுத்தவருக்கே உரியது என்பார் நம்மிடையே பலர். இக்கருத்து பிழையானது என்பது என் துணிபு.

இங்கிலாந்தில், உலோகம் காட்டும் கருவியைக் கொண்டு வயல்வெளிகளில் பழம்பொருள் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல்லாயிரவர். 2014ஆம் ஆண்டில், நார்ஃபோக் மாவட்டத்து வின்ஃபார்திங் என்னும் சிற்றூரில், டாம் லக்கிங் என்ற பல்கலைக்கழக மாணவரின் கருவி ஒலித்தது. மண்ணை அகழ்ந்தபோது வெண்கலக் கிண்ணம் ஒன்று தென்பட்டது. பிறராயின் ஆசை மேலிட்டு மேலும் தோண்டியிருப்பர். அவரோ குழியை மூடிவிட்டுத் தொல்லியல் அறிஞர்களை அழைத்தார்.

அறிஞர்கள் முறைப்படி அகழ்ந்தனர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உயர்குலப் பெண்மணி ஒருவரின் கல்லறை அது! செம்மணிகள் பதித்த பொற்பதக்கமும் அங்கே கிடைத்தது. அதன் மதிப்பு 145,000 பவுண்டு. இன்று அது நார்விச் நகர அருங்காட்சியகத்திற்கு உரியது. கண்டவரும் நிலத்துக்கு உரியவரும் பரிசுத் தொகையைப் பகிர்ந்துகொண்டனர். அவசரப்பட்டுப் பிடுங்கியிருந்தால் நகை கிடைத்திருக்கும். அதனை அணிந்தவரின் வரலாறு சிதைந்திருக்கும்.

நம் தோட்டங்களிலும் மறுநடவுக்காக மண்ணைப் புரட்டுங்கால் பழம்பொருள் வெளிப்படலாம். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, அதனை உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தல் வேண்டும்.

நம் இல்லங்களின் வறுமையை யான் அறிவேன். ஆயினும், அடகு வைத்த நகையை மீட்கலாம். உருக்கிய வரலாற்றை மீட்க இயலுமோ? ஆசை எழும்போது கையை நிறுத்தப் பழகுவதும் கல்வியே.