பெயர் மறைத்துக் கேட்டல்

கவிதைகளை ஆசிரியர் பெயரை மறைத்துப் படிக்கக் கொடுத்தால் என்ன நேரும் என்பதைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தவர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். அச்சோதனையின் விளைவாக 1929-இல் வெளிவந்த அவரது ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ நூலை இலக்கிய மாணவர் பலரும் அறிவர். புகழ்பெற்ற கவிஞர்களின் ஆக்கங்கள் அங்கே இகழப்பட்டன. சாதாரணச் செய்யுள்கள் போற்றப்பட்டன. நம் மதிப்பீட்டில் பனுவலின் பங்கு எவ்வளவு, பெயரின் பங்கு எவ்வளவு என்ற வினா அன்றுமுதல் நம்மைத் தொடர்கிறது. அதே வினாவை இசை கேட்கும் கருவிகளிடத்தும் எழுப்ப வேண்டும் என்பது நம் கருத்து.

உயர்தர ஒலியமைப்பை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்களிடையே ஆம்ப்ளிஃபயரை மாற்றுவது ஏறத்தாழ ஒரு நோன்பாகவே ஆகிவிட்டது. இருக்கும் கருவியில் பழுது ஏதும் இராது. ஆயினும் அடுத்த படிக்கு ஏறியாக வேண்டும் என்ற தவிப்பு அடங்குவதில்லை. புதிய கருவி வந்ததும் திரை விலகியதுபோல் இருக்கிறது என்கிறோம். குரலில் ஈரம் தெரிகிறது என்கிறோம். இந்த உருவகங்கள் செவியிலிருந்து பிறந்தனவா, விலைச்சீட்டிலிருந்து பிறந்தனவா?

ஆம்ப்ளிஃபயரின் கடமை எளிதாகச் சொல்லிவிடக் கூடியது. உள்ளே வரும் சிறிய மின்குறிப்பை, அதன் வடிவம் மாறாமல் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். 1947-இல் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயரே 15 வாட் ஆற்றலில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான திரிபையே கொண்டிருந்தது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இக்கலை அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

வாட் கணக்கையும் சற்றே பார்ப்போம். 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குச் சென்றால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இருமடங்காகச் செவிக்குப் பட வேண்டுமெனில் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு 1000 வாட் தேவை. இயல்பான அறையில், இயல்பான அளவில் நாம் கேட்கும்போது சராசரியாகச் செலவாவதோ ஓரிரு வாட்தான். எஞ்சிய ஆற்றல் மிருதங்கத்தின் திடீர் வீச்சு போன்ற உச்சங்களுக்காகக் காத்திருக்கிறது.

பெயர் மறைத்த சோதனைகள் இத்துறையிலும் நடந்துள்ளன. 1985-இல் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழாசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஒலியைத் தம் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவந்து காட்டுவதாக அறைகூவினார் பொறியாளர் பாப் கார்வர். சில நாள் உழைப்புக்குப் பின், இரண்டையும் வேறுபடுத்திக் கேட்க இயலவில்லை என்று அவ்விதழாசிரியர்கள் ஒப்பினர். அவர் பின்னர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியைக் குறித்து அதே இதழ் ஐயம் எழுப்பியதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். 1987-இல் ‘ஸ்டீரியோ ரெவ்யூ’ இதழ் நம்புவோரையும் ஐயுறுவோரையும் ஒருங்கே அமர்த்திச் சோதித்தது. ஒலியளவைச் சமப்படுத்திப் பெயரை மறைத்ததும், சில நூறு டாலர் கருவியையும் பல ஆயிரம் டாலர் கருவியையும் அவர்களால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை.

அப்படியாயின் எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றுதானா? அன்று. ஸ்பீக்கரின் உணர்திறன் குறைவாக இருந்தாலோ, அதன் மின்தடை சில அதிர்வெண்களில் 2, 3 ஓம் வரை இறங்கினாலோ, வலுவற்ற கருவி திணறும். வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றின் வெளியீட்டு மின்தடை அதிகம். ஆகவே அவை ஸ்பீக்கரின் இயல்புக்கேற்ப ஒலியின் நிறத்தை உண்மையாகவே மாற்றுகின்றன. பழங்கருவியின் கெபாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து இரைச்சல் தரலாம். இவை தக்க காரணங்கள். ஒளிரும் வால்வின் அழகுக்காக வாங்குகிறேன் என்பவரிடமும் நமக்கு வழக்கில்லை. அழகை அழகென்றே சொல்கிறார் அவர்.

விரைந்து மாற்றி மாற்றிக் கேட்கும் சோதனையில் நுட்பங்கள் புலப்படா, நெடுநாள் பழகினால்தான் தெரியும் என்பர் சிலர். பத்தாம் வாசிப்பில் திறக்கும் கவிதைகளை அறிந்த நாம் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், நெடுநாள் பழகுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லையே! கருவியின் மேல் துணியைப் போர்த்தி ஒரு திங்கள் கேட்கலாம். ரிச்சர்ட்ஸும் வாசிப்பைக் கைவிடச் சொல்லவில்லை. வாசகரைப் பயிற்றவே முயன்றார்.

இதில் இழப்பது பணம் மட்டுமெனில் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஓயாமல் கருவி மாற்றுபவர் பாட்டைக் கேட்பதை விடுத்துச் சோதிக்கத் தொடங்குகிறார். அதே ஐந்தாறு ஒலித்தட்டுகள், அவற்றிலும் அதே சில நொடிகள். ஆலாபனை எங்கே செல்கிறது என்பதை மறந்து, தம்பூராவின் அதிர்வு எவ்வளவு துல்லியம் என்று அளக்கிறார். நாளடைவில் தம் செவியை நம்பாமல் பிறர் எழுதிய விமர்சனத்தை நம்பத் தொடங்குகிறார். திறனாய்வுரையை மட்டும் படித்துவிட்டு மூலநூலைத் தொடாத மாணவனின் நிலை அது.

ஆகவே நம் பரிந்துரை இது. வாங்குமுன் இரு கருவிகளின் ஒலியளவையும் மானி கொண்டு சமப்படுத்துங்கள். எது ஒலிக்கிறது என்பதை நண்பர் ஒருவர் மட்டும் அறியட்டும். பலமுறை கேட்டும் வேறுபாடு நிலைத்தால் மகிழ்ந்து வாங்குங்கள். நிலைக்காவிட்டால் அப்பணத்தை ஸ்பீக்கருக்கோ, அறையின் எதிரொலியை அடக்கும் கனத்த திரைக்கோ, கம்பளத்துக்கோ செலவிடலாம். மாற்றம் அங்கே நன்கு கேட்கும். மிஞ்சுவதைக் கொண்டு இதுவரை கேளாத பாடகர் ஒருவரின் கச்சேரிக்கும் சென்று வரலாம்.