எண்ணெய் ஒழுகும் இடம்

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் மோட்டார் வண்டியை இன்னும் போற்றி ஓட்டுவார் உளர். அது நின்ற தரையில் எண்ணெய்த் துளி கண்டவுடனே, என்ஜினை இறக்கிக் கேஸ்கட்டுகள் அனைத்தையும் மாற்றுக என்பர் கம்மியர் சிலர். (கம்மியர் என்னும் பழஞ்சொல் இவர்க்கு நன்கு பொருந்தும்.) அக்கூற்றை யாம் ஒப்பேம்.

ஒழுகும் எண்ணெய் கீழே வழியும். ஓட்டத்தில் காற்றால் பின்னேயும் பரவும். ஆதலின் துளி விழும் இடம் வேறு, ஒழுக்குத் தோன்றும் இடம் வேறு. ஆறிய என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டியபின், ஈரம் கண்ட இடங்களுள் மிக உயர்ந்ததைத் தேடுக. அது டாப்பெட் மூடியின் கார்க் கேஸ்கட்டாயின் அதனை மட்டும் மாற்றினாற் போதும். மூடியின் திருகுகளை அளவிறந்து இறுக்குவோர் தகட்டை வளைத்து ஒழுக்கை வளர்ப்பவரே.

அடுத்துப் பிரீதர் குழாயைக் காண்க. அஃது அடைபட்டிருப்பின், பிஸ்டன் வளையங்களைக் கடந்து வரும் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் மிகும். புதுக் கேஸ்கட்டுகளின் வழியும் எண்ணெய் பிதுங்கும். இக்குழாயைத் துப்புரவு செய்தற்குச் செலவு யாது? இதனைப் பாராமல் என்ஜினைப் பிரிப்பது உரியவர் பணத்தை வீணாக்குவதன்றோ!

இனி, அவ்வண்டியின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்புறம் ரப்பர் சீலே இல்லை. சுழலுங்கால் எண்ணெயை உள்ளே திருப்பும் சுருள்வரிப் பள்ளமே ஆண்டுக் காவல். வண்டி நின்றபின் சில துளி சொட்டுதல் அதற்கு இயல்பு. அதனைப் பிணியென்று கருதற்க. ஆயின் அளவுக்கம்பியில் எண்ணெய் மட்டம் நாடோறும் இறங்குமாயின், பேரிங்குகள் தேயுமுன் என்ஜினைப் பிரித்தே தீரவேண்டும்.