புட் அவுட் என்றால் வெளியே வைப்பதா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று உத்திரமேரூர் வட்டம் காவாந்தண்டலத்திலிருந்து ஒரு தாயார் எழுதியது. அவருடைய மகன் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். "தனித்தனியாக் கேட்டா எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் சொல்றான். ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்தா முழிக்கிறான். அவனுக்கு நான் என்னன்னு சொல்லிக் குடுக்கிறது? நீங்களே எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார். அம்மா, இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான். உங்கள் மகனைப் போல முழிப்பவர்கள் ஏராளம் என்பதால் மற்றவர்களும் கூடவே படிக்கட்டும்.

முழிப்பதில் அவமானம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் சிவப்பு உருளை ஒன்று சுவரில் தொங்கும். அதன் மேல் 'ஃபயர் எக்ஸ்டிங்விஷர்' என்று எழுதியிருக்கும். வாயில் நுழையாத அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்து, தீயணைப்பான் என்று தெரிந்து வைத்திருப்பார்கள். ஆனால் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர் 'புட் அவுட் த ஃபயர்' என்று சொன்னால் தடுமாறிப் போவார்கள். 'புட்' என்றால் வை, 'அவுட்' என்றால் வெளியே. தீயை வெளியே வைக்கச் சொல்கிறாரா? தீயை அணை என்கிறார், அவ்வளவுதான். பெரிய சொல் தெரிந்திருந்தும் சின்னச் சொல்லில் வழுக்கி விழுகிறோம்.

காரணம், ஆங்கிலம் நமக்கு வந்து சேர்ந்த வழி. கோர்ட்டுக் கட்டுகளும் ரெவின்யூ கடிதங்களும் பாடப்புத்தகமும் நமக்கு ஆங்கிலம் கற்றுத்தந்தன. கூட்டத்தைத் தள்ளிவைத்தால் 'போஸ்ட்போன்' என்று எழுதுவோம். வெள்ளைக்காரர் வீட்டுக்குள் 'புட் ஆஃப்' என்றுதான் பேசிக்கொள்வார். 'டாலரேட்' நமக்குத் தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. 'இன்வெஸ்டிகேட்' தெரியும், 'லுக் இன்டு' தெரியாது. காகித ஆங்கிலத்தில் பாஸாகி, வாய்ப்பேச்சு ஆங்கிலத்தில் ஃபெயிலாகும் விநோதப் பிறவிகளாக நம்மை ஆக்கிவிட்டார்கள்.

ஆங்கிலேயர்களுக்கே இது தெரியும். 1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே, வினைச்சொல்லோடு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு பொருள் மாறும் இந்த வகைதான் அயல்நாட்டாருக்குப் பெரும் தொல்லை என்று குறிப்பிட்டார். இந்த வகைக்கு 'ஃபிரேஸல் வெர்ப்' என்ற பெயர் பிற்பாடு வந்தது. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் எழுதிய நூலில் அது இடம்பெற்றது. பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. 1930-ல் சி. கே. ஆக்டன் என்பவர் 850 சொற்களிலேயே ஆங்கிலத்தை முடித்துக்காட்டுகிறேன் என்று கிளம்பினார். அவர் பட்டியலில் வினைச்சொற்கள் வெறும் 18. அது எப்படிப் போதும்? கெட், புட், டேக், கிவ், கோ ஆகியவற்றோடு அப், ஆஃப், அவுட், இன் என்று கோத்துக்கொண்டால் மற்ற வினைகளுக்கு வேலையே இல்லை என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோத்த ஒவ்வொன்றும் தனிச்சொல்லாக மாறி, அதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறதே என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அம்மா, உங்கள் மகனுக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். இந்த வித்தை தமிழனுக்குப் புதிதல்ல. 'கொடு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்கிறோம், விட்டுக்கொடுக்கிறோம், காட்டிக்கொடுக்கிறோம், போட்டுக்கொடுக்கிறோம். தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'விடு' என்றால் இது, 'கொடு' என்றால் அது என்று அகராதியைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தது அவருக்கு விளங்குமா? போட்டுக்கொடுப்பது கோள்மூட்டுவது என்று அவர் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகும். நாம் இதையெல்லாம் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. சண்டையிலும் சமையலறையிலும் காதில் விழுந்து தானாக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'கிவ் அவே' காட்டிக்கொடுப்பதற்கு நெருக்கம், 'கிவ் இன்' பணிந்துபோவது, 'கிவ் அப்' முயற்சியைக் கைவிடுவது. அங்கேயும் வினை ஒன்றுதான், வால் மாறுகிறது.

இரண்டாவதாக, இவற்றில் பாதி ஏற்கெனவே நம் ஊருக்குள் குடிவந்துவிட்டன. பஸ் பிரேக்டவுன் ஆகிறது. சர்க்கரைக்குச் செக்கப் போகிறோம். திருடனை லாக்கப்பில் வைக்கிறார்கள். காஞ்சிபுரம் சாலையில் எங்கு திரும்பினாலும் லே-அவுட் விளம்பரம். கட்-அவுட் இல்லாத தமிழ்நாட்டு அரசியலும் சினிமாவும் உண்டா? 2020-ல் லாக்டவுன் என்ற சொல் கைக்குழந்தைக்கும் தெரிந்துபோனது. கம்பெனி பஸ்ஸுக்குப் பிக்கப் பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் உங்கள் மகன் தினமும் நிற்பார். இவையெல்லாம் ஃபிரேஸல் வெர்ப்பிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள். அவற்றைத் திருப்பி வினையாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 'த பஸ் ப்ரோக் டவுன்', பஸ் ரிப்பேராகி நின்றுவிட்டது. 'த பஸ் பிக்ஸ் மி அப் அட் சிக்ஸ்', ஆறு மணிக்கு பஸ் என்னை ஏற்றிக்கொள்கிறது. மேக்கப் முகப்பூச்சு என்று தெரியும். 'மேக் அப் எ ஸ்டோரி' என்றால் கதை கட்டுவது, சண்டைக்குப் பிறகு 'மேக் அப்' என்றால் சமாதானமாவது.

வால் சொற்களுக்கும் ஒரு குணம் உண்டு. 'அப்' பல இடங்களில் முழுக்கத் தீர்வதைக் காட்டும். 'ஈட் அப்' மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது, 'யூஸ் அப்' தீர்த்துவிடுவது. நாம் 'தின்றுதீர்த்தான்' என்கிறோமே, அதே தீர்த்தல்தான். 'ஆன்' தொடர்ச்சி. 'கேரி ஆன்', 'கோ ஆன்' என்றால் செய்துகொண்டே போ. 'ஆஃப்' விலகலும் நிறுத்தமும். 'கால் ஆஃப்' என்றால் கைவிடுவது. வேலைநிறுத்தத்தைக் 'கால் ஆஃப்' செய்தால் தொழிலாளி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று பொருள். எல்லாம் இந்தக் கணக்கில் அடங்காது. அடங்குவதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி பாரம் குறையும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று போதும். மோட்டார் கொட்டகைக்குப் போகிற பிள்ளையிடம் 'டர்ன் ஆஃப் த மோட்டார்' எனலாம், 'டர்ன் த மோட்டார் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'அதை' என்று சுருக்கினால் 'இட்' நடுவில்தான் உட்காரும். 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. 'லுக் ஆஃப்டர்' போன்ற சில இப்படிப் பிரியாது. 'ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹிம்', அவள் அவனைப் பார்த்துக்கொள்கிறாள்.

இவற்றை எப்படிக் கற்பது என்பதற்கு இனி ஒரு பழைய கதை. 1950களின் கடைசியில் சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் போய் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் ஊர் ஊராக. உருளும்போது பெருக்கிற பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், 'மெட்ராஸ் ஸ்னோபால்'. பனியே விழாத மாநிலத்தில்!   அந்தக் காலத்துப் பாடமுறையில் ஆசிரியர் செய்துகாட்டிக்கொண்டே சொல்லுவார். புத்தகத்தை மேசைமேல் வைத்து 'ஐ ஆம் புட்டிங் த புக் ஆன் த டேபிள்' என்பார். 'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்' நமக்கு மறக்காமல் இருப்பதும் உடம்போடு சேர்த்துக் கற்றதால்தான். கொடுமை என்னவென்றால் ஒவ்வொரு கை மாறும்போதும் விஷயம் நீர்த்துப்போய், கடைசியில் கோரஸாகக் கத்துவது மட்டும் பல வகுப்புகளில் மிஞ்சியது. பிறகு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறொன்றைச் செய்துபார்த்தார். இலக்கணத்தைத் தனியாக நடத்தவே இல்லை. ரயில் அட்டவணை, வரைபடம் என்று பிள்ளைகள் மூளையைக் கசக்கும் வேலைகளைக் கொடுத்தார். பொருளில் கவனம் போனால் மொழி தன்னால் வரும் என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம்.

ஆகவே 'அவசியமான 500 ஃபிரேஸல் வெர்ப்' என்று விற்கும் கைப்புத்தகங்களை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். ஷிஃப்டு மாறும்போது வேலையை ஒப்படைப்பது 'ஹேண்ட் ஓவர்', பொறுப்பேற்பது 'டேக் ஓவர்', இயந்திரத்தை நிறுத்துவது 'ஷட் டவுன்', பொருள் தீர்ந்துபோனால் 'ரன் அவுட்', வேலைக்கு வராமல் போன நாளை ஈடுகட்டுவது 'மேக் அப் ஃபார்'. வேலைக்குப் போகும் பிள்ளைக்கு முதல் மாதத்துக்கு இதுவே அதிகம். அன்று காதில் விழுந்ததை அன்றே ஒரு வாக்கியமாக நோட்டில் எழுதினால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. 'கோப் அப் வித்' என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். 'கேட்ச் அப் வித்' என்பதைப் பார்த்துப் போட்ட சூடு அது. 'கோப் வித்' என்றாலே சமாளிப்பதுதான். இன்னொன்று, 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று வெளிநாட்டுக் கம்பெனி நேர்காணலில் சொன்னால் 2019-ல் மயங்கி விழுந்தேன் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் 'பாசிங் அவுட் பரேட்' வேறு, அது பட்டாளத்து வழக்கு. படிப்புக்கு 'கிராஜுவேட்டட்' என்றோ 'ஃபினிஷ்ட்' என்றோ சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

வாசகர்களே, உங்கள் வேலையிடத்தில், ஆஸ்பத்திரியில், வங்கியில் உங்களை முழிக்கவைத்த இரண்டு சொல் கூட்டணி எது? அது வந்த வாக்கியத்தோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விளக்கம் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்