"எத்தனை வாட்?" என்ற கேள்வி மட்டும் போதாது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இப்போது முதலில் கேட்பது ஃபால்ஸ் சீலிங். லீ பஜாரைச் சுற்றியுள்ள சந்துகளில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இருக்கிற வீடுகளில்கூட ஜிப்சம் பலகை அடித்து எட்டுப் பத்து ஸ்பாட் லைட் பதித்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகச் சிமிட்டத் தொடங்கும், பிறகு அணைந்துபோகும். மாற்று விளக்கு வாங்கப் போனால் கடையில் பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்று மட்டும் கேட்கிறார்கள். பாதுகாப்புக்கும் சிக்கனத்துக்கும் அந்தக் கேள்வி போதாது.

வாங்கும் முன் மேலே இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஊசி போன்ற இரண்டு மெல்லிய பின்கள் இருந்தால் அது 12 வோல்ட் எம்ஆர்16. சீலிங்குக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும். முனை தடித்த இரண்டு பின்களை நுழைத்துத் திருகுவதாக இருந்தால் அது நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் ஜியு10. இரண்டும் இல்லாமல் விளக்கும் சட்டமும் ஒன்றாகவே இருந்து, பின்னால் ஒயரில் சிறு பெட்டி தொங்கினால் அது எல்.இ.டி. டவுன் லைட், அந்தப் பெட்டிதான் விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்.

பழைய 50 வாட் ஹாலஜனை மாற்றுவதில் தயக்கமே வேண்டாம். எட்டு விளக்குகள் தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 96 யூனிட். 6 வாட் எல்.இ.டி. போட்டால் 12 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிக் கட்டணச் சலுகையும் குறைகிற நம் ஊரில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் 12 வோல்ட் விளக்காக இருந்தால் பழைய எலெக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதிக வாட் சுமைக்காகச் செய்யப்பட்ட அது, 6 வாட் சுமையில் சரியாக இயங்காது. விளக்கு துடிக்கும், சீக்கிரமே கெடும். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு ஜியு10 ஹோல்டர் போட்டுக்கொள்வதே என் பரிந்துரை.

எல்.இ.டி.க்கு முதல் எதிரி சூடு. சித்திரை வெயிலில் நாள் முழுதும் காய்ந்த கான்கிரீட் தளத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே காற்றோட்டமே இல்லாத ஒரு சாண் இடைவெளி. டிரைவர் கிடப்பது அங்கேதான். அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. பெட்டியில் அச்சிட்ட 25,000 மணி நேரத்தை நம் மொட்டைமாடிக்குக் கீழே எதிர்பார்க்க முடியாது. கையில் எடுத்தால் கனமாக இருக்கிற, பின்புறம் அலுமினியத் தகடுகள் கொண்ட விளக்கை வாங்குங்கள். தெர்மாகோலையோ, சீலிங் வேலையில் மிஞ்சிய அட்டையையோ அதன் மேல் கிடக்க விடாதீர்கள்.

விலை மலிந்த சரக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில விளக்குகளின் டிரைவரில் மின்காப்பு சரியாக இருப்பதில்லை. உள்ளே காப்பு பழுதானால் வெளியே தெரியும் உலோக வளையத்திலேயே மின்சாரம் பாயும். ஏணியில் நின்று அதைத் தொடுகிறவர் கதி என்ன? சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்ப முடியாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது சகஜம். மெயினை இறக்கிவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் (பிஐஎஸ்) பதிவு செய்யாமல் எல்.இ.டி. பல்பையோ டிரைவரையோ விற்கக் கூடாது. பல்புக்கான பாதுகாப்புத் தரம் ஐஎஸ் 16102. பெட்டியிலும் விளக்கின் உடம்பிலும் தர முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் எட்டிலக்கப் பதிவெண் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. 2017-இல் மும்பை, டெல்லி, ஹைதராபாத், அகமதாபாத் கடைகளில் நீல்சன் நடத்திய ஆய்வில் எல்.இ.டி. பல்பு பிராண்டுகளில் 76 விழுக்காடும், டவுன் லைட் பிராண்டுகளில் 71 விழுக்காடும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை. பெருநகரங்களிலேயே அந்த நிலைமை. 2022 ஜூலையில் எல்.இ.டி. விளக்குக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 விழுக்காடானது; "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு அது இன்னும் வசதியாகிவிட்டது. பில் இல்லாத விளக்குக்கு வாரன்டியும் இல்லை.

டவுன் லைட் அணைந்தால் முழுதாகத் தூக்கி எறிவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பல நேரம் செத்திருப்பது டிரைவர் மட்டுமே. அதன் மேல் ஒட்டிய லேபிளில் '300 மில்லிஆம்பியர், 24–40 வோல்ட்' என்பதுபோல இருக்கும். புதியதில் மில்லிஆம்பியர் அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட் வரம்பு பழையதை உள்ளடக்க வேண்டும். வாட்டை மட்டும் பார்த்து அதிக ஆம்பியர் டிரைவரைக் கோத்தால் நல்ல எல்.இ.டி.யும் கருகிவிடும். முழு விளக்கையும் மாற்றுவதைவிட டிரைவருக்கு ஆகும் செலவு குறைவு. அதே மாடல் கிடைக்காமல் சீலிங் ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கும் வேலையும் மிச்சம்.

2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்பை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பல்பு கெட்டால் பாட்டியே கழற்றி மாற்றிவிடலாம். ஸ்பாட் லைட்டுக்கும் அந்த வசதி வேண்டும். புதிதாக சீலிங் போடுகிறவர்கள் ஒப்பந்தம் பேசும்போதே "ஜியு10 ஹோல்டர் உள்ள சட்டம்தான் வேண்டும், பல்பு தனியாக மாற்றுவதுபோல் இருக்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். தர நிர்ணய அமைவனத்துக்கு கோவையில் கிளை அலுவலகம் இருக்கிறது. அதன் அதிகாரிகள் சேலம் கடைவீதிகளுக்கு வந்து பதிவெண் இல்லாத டிரைவர்களைப் பறிமுதல் செய்ய வேண்டும், பல்புகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

– கட்டுரையாளர், வீட்டு மின்னமைப்புப் பொறியாளர்