மழைக்கு முன்னே ஓர் எச்சரிக்கை
2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு மூண்டு, குழந்தைகள் பெரியோர் என்ற பேதமின்றி உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. சென்ற ஆண்டுகளின் மழையளவு, வெப்பம், வாரந்தோறும் பதிவான நோயாளர் தொகை ஆகியவற்றைப் பரிசீலித்து, வரும் வாரங்களை நோய் பெருகக்கூடியவை என்றும் பெருகாதவை என்றும் பகுத்துரைக்கும் புள்ளியியல் முறைகள் கைக்கெட்டிய சாதனங்களாக இருக்கையில், அவற்றை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மட்டும் உறங்கவிடுவது தர்மமாகாது. ஆயினும், தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆனி ஆடி மாதங்களில் பெரும்பாலும் உச்சம் காணும் கொழும்பின் தரவுகளைக் கொண்டு மட்டும் பயிற்றிய ஒரு சூத்திரம், ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் நனையும் திருகோணமலையின் லிங்கநகருக்கு அப்படியே பொருந்திவிடாது. இம்மண்ணின் மழைக்கும் இம்மண்ணின் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை இங்குள்ள வைத்தியசாலைகளின் பதிவுகளே உரைக்கவேண்டும். பொய்த்துப்போன எச்சரிக்கையால் நேரும் நஷ்டம் ஒரு நாட் சிரமதானம். அதிலும் வளவுகள் சுத்தமாகும், நுளம்பு பெருகும் தேங்குநீர் ஒழியும். தவறவிட்ட எச்சரிக்கையோ ஒரு குடும்பத்தின் பிராணனையே கேட்கும். ஆதலால், ஐயம் நேருமிடத்து எச்சரிக்கையின் பக்கமே சாயுமாறு வரம்பை வகுத்து, மாவட்டச் சராசரியில் குக்கிராமமும் குறிச்சியும் மறைந்துவிடாதபடி பிரிவு பிரிவாகக் கணித்து, அம்முடிவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கையில் மழைக்கு முன்னரே சேர்ப்பிப்பது அரசின் தலையாய கடமையாகும்.